தோள்வலியும் நெசவுக்கூலியும்

கயிறிழுத்து நாடாவை ஓட்டும் தோளில் நோவு கண்டால், சதை வற்றிக் கை போய்விட்டதென்றே நெசவாளர் அஞ்சுகின்றனர். தசையின் பருமன் வேறு, பலம் வேறு. தோள்மூட்டைப் பற்றி நிற்கும் நான்கு தசைகளின் நாண்களில் நோவிருப்பின், தசை சிறுக்காமலே வலியினால் பலம் குன்றுவதுண்டு. நாண் அறுந்தாலோ, கையை நெடுநாள் அசையாது வைத்தாலோ தசையும் மெலியக்கூடும். ஆகவே முழு ஓய்வு மருந்தன்று. தைலம் இதமளிக்கும், அவ்வளவே. வேலையைக் குறைத்துக்கொண்டு, மருத்துவர் காட்டும் பயிற்சியை, பளுவைச் சிறுகச் சிறுகக் கூட்டி, சுமார் 12 வாரம் செய்தல் வேண்டும். நெய்த அளவுக்கே கூலி பெறுபவர் இதற்கு எங்ஙனம் துணிவார்? அவ்வாரங்களில் பாதிப் பாவு நெய்பவருக்கு மீதிக் கூலியைப் பொதுநல நிதியிலிருந்து ஈடுசெய்ய, சங்கங்கள் அடுத்த பொதுக்குழுவிலேயே தீர்மானிக்க வேண்டுமென்று கோருகிறோம். கைத்தெளிப்பான் அடித்துத் தோள் நொந்த விவசாய அங்கத்தினருக்கும் இதே ஏற்பாடு வேண்டும்.