'நடிக்கிறான்' என்று எழுதியவர்களுக்கு மேலே இருப்பவருக்கு

பெறுநர்: மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

என் மனுவின் மீது தங்கள் அலுவலகம் எடுத்த நடவடிக்கைக்கு முதலில் நன்றி. எந்த மருத்துவமனையைப் பற்றிப் புகார் சொன்னேனோ, அந்த மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கே மனுவை அனுப்பினீர்கள். "சிகிச்சையில் குறைபாடு ஏதும் இல்லை" என்று அவர் எழுதிக் கொடுத்தார். அதை அப்படியே எனக்கு அனுப்பிவிட்டு மனுவை முடித்துவைத்தீர்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்ததும், முதல்வரின் தனிப்பிரிவுக்குப் போட்டதும் சுற்றிச் சுற்றி அதே மேசைக்குத்தான் வந்து சேர்ந்தன. இனி மூடிய உறையில் எழுதிப் பயனில்லை என்பதால் ஊரறிய எழுதுகிறேன்.

விதிமுறைகள் தாங்கள் அறியாதவை அல்ல. எனவே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் தம்பிக்கு வயது 23. லேத் பட்டறையில் வேலை. சில வாரங்களாகத் தூக்கமில்லை. காதுக்குள் யாரோ திட்டுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒருநாள் இரவு பக்கத்து வீட்டுக் கதவை உடைக்கப் போய்விட்டான். மந்திரிக்கக் கூட்டிப்போகலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது, ஆஸ்பத்திரிக்குத்தான் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், மந்திரிக்கக் கொண்டுபோய்ச் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீக்கு இரையானார்களே, அதற்குப் பிறகு அரசாங்கம் எங்களுக்குச் சொன்னதும் அதைத்தானே? நம்பி வந்தோம்.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஹாலோபெரிடால் ஊசி போட்டார்கள். அதைக் குறை சொல்லவில்லை. அந்த இரவு அவனுக்கு அது தேவைப்பட்டது, அடங்கித் தூங்கினான். மறுநாள் மதியம் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது. கண்கள் மேலே செருகி, மின்விசிறியைப் பார்த்தபடியே நின்றுவிட்டன. தாடை கோணி, நாக்கு வெளியே தள்ளி, எச்சில் ஒழுக "அக்கா, அக்கா" என்று குழறினான். நினைவு தெளிவாக இருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்த கையை விடவே இல்லை. டியூட்டி டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்தார். கிட்டே வந்து தொடக்கூட இல்லை. "நடிக்கிறாம்மா. நீங்க சுத்தி நின்னா இன்னும் பண்ணுவான், வெளியே போங்க" என்றார். நாங்கள் வெளியே போனதும், முரண்டு பிடிக்கிறான் என்று சொல்லி அதே ஊசியை இன்னொரு முறை போட வைத்தார்.

ஐயா, தாங்களும் மருத்துவர். இந்த ஊசிக்கு இந்த இழுப்பு வரும், அதிலும் இளவயது ஆண்களுக்கு அதிகம் வரும் என்பது தாங்கள் படித்ததுதான். புரோமெத்தசின் ஊசி ஒன்று போட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் கழுத்து நேராகிவிடும் என்பதும் தெரியும். இரண்டு ஊசியையும் சேர்த்தே போடும் முறையை நம் வேலூர் சி.எம்.சி.யிலேயே சோதித்து, 2004-லும் 2007-லும் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். அதே 2007-ல் வெளியான பிரேசில் நாட்டு ரியோ ஆய்வில், ஹாலோபெரிடாலைத் தனியாகப் பெற்றவர்களில் சிலருக்கு இழுப்பு வந்ததும் ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். ரியோவில் ஆய்வை நிறுத்தப் போதுமானதாக இருந்த அறிகுறி, தங்கள் மருத்துவமனையில் நடிப்பு.

அதற்கு அடுத்த நாள் காய்ச்சல் 104 டிகிரி. முழங்கையை மடக்கப் பார்த்தால் மடங்கவில்லை. விரித்த துணி நனைந்து பிழிகிற அளவுக்கு வேர்வை. கேட்டதற்குப் பதில் இல்லை. டெங்குவுக்கும் மலேரியாவுக்கும் டைபாய்டுக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. கொசுவையும் தண்ணீரையும் சந்தேகப்பட்டவர்கள் ஊசியைச் சந்தேகப்படவில்லை. காலையிலும் இரவிலும் ஹாலோபெரிடால் போய்க்கொண்டே இருந்தது. பையில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இறங்க ஆரம்பித்த பிறகுதான் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

அங்கே பட்டமேற்படிப்பு படிக்கும் ஓர் இளம் டாக்டர் செய்த முதல் காரியம், தம்பியின் முழங்கையைப் பிடித்து மடக்கிப் பார்த்தது. இரண்டாவது, "ஹாலோபெரிடால் எத்தனை போயிருக்கு?" என்று கேட்டது. உடனே அதை நிறுத்தினார். தசைச் சிதைவைக் காட்டும் சி.பி.கே. பரிசோதனைக்கு அனுப்பினார். தசைகள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்திருக்கிறது என்று அம்மாவுக்குப் புரியும்படி சொன்னார். அதன் பெயர் நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம். இதே ஹாலோபெரிடாலைக் கொடுத்துப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் ஜான் டிலேயும் அவர் குழுவினரும் 1960-லேயே எழுதிவைத்த ஆபத்து. அபூர்வமாகத்தான் வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வந்திருக்கிறதா என்று பார்க்க ஒருவர் கையை மடக்கிப் பார்த்தாலே சந்தேகம் வந்திருக்குமே! அந்தக் கை கட்டிலில்தானே கிடந்தது?

டயாலிசிஸ் செய்து தம்பியைப் பிழைக்க வைத்தார்கள். அவர்களும் அரசு மருத்துவர்கள்தான். ஆள் இல்லை, நிதி இல்லை என்று என்னிடம் சொல்ல வராதீர்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய கேஸ் ஷீட் நகல் என் கையில் இருக்கிறது. இழுப்பு வந்த நாளில்: "நோயாளி ஒத்துழைக்கவில்லை, நடிக்கிறார்." காய்ச்சல் வந்த நாளில்: "காரணம் தெரியாத காய்ச்சல்." மருந்தால் வந்தது என்று ஓர் இடத்திலும் இல்லை. மருந்தின் பக்கவிளைவைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற எண்ணோடு தங்கள் மருத்துவமனைச் சுவரிலேயே ஒரு சுவரொட்டி இருக்கிறது. பாதியை ரத்ததான முகாம் நோட்டீஸ் மறைத்திருக்கிறது. பக்கவிளைவுகளைக் கண்காணிக்க 2010-ல் தொடங்கிய திட்டம். காஜியாபாத்தில் அதை நடத்துபவர்கள் நாடு முழுவதிலிருந்தும் வரும் அறிக்கைகளுக்காகக் காத்திருக்கிறார்கள். இங்கிருந்து என்ன போகும்? நடிப்புக்குத்தான் படிவம் கிடையாதே.

மருந்தே வேண்டாம் என்று பிரசாரம் செய்ய நான் வரவில்லை. அதைச் செய்ய என் உறவினர்கள் போதும். "அன்னிக்கே மந்திரிச்சிருந்தா கிட்னி போயிருக்குமா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு இந்த வாயைக் கொடுத்தது யார்? மாத்திரை வெறும் விஷம் என்று என் தம்பிக்குக் கற்றுக்கொடுத்தது யார்? காதுக்குள் அந்தக் குரல் திரும்ப வந்துவிட்டது. மருத்துவக் கல்லூரி மனநல டாக்டர் வேறொரு மருந்தை மிகக் குறைந்த அளவில், கண்காணிப்போடு தரலாம் என்கிறார். இவன் பல்லைக் கடித்துக்கொள்கிறான்.

நாளைக்கே ஓர் இரவில் அவன் மறுபடி கதவை உடைக்கப் போகலாம். 108 வரும். அருகில் இருப்பது தங்கள் மருத்துவமனைதான். அங்கே இருப்பவர் பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டுவார். ஹாலோபெரிடால் முன்பே போட்டிருக்கிறது, சிக்கல் எதுவும் பதிவாகவில்லை, ஆள் நடிக்கிற ஆள் என்று தெரிந்துகொள்வார். பிறகு ஊசியை எடுப்பார். அவர்மீது தப்பே இருக்காது. அவர் கையில் இருப்பது நீங்கள் குறைபாடில்லை என்று சான்று கொடுத்த காகிதம்.

எனக்கு நஷ்ட ஈடு வேண்டாம். யாரையும் சஸ்பெண்ட் செய்து செய்தியில் போட வேண்டாம். ஹாலோபெரிடால் இவன் உயிருக்கு ஆபத்து என்று அந்தப் பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதுங்கள். நடிக்கிறார் என்று எழுதியதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இதற்கு நிதித்துறை ஒப்புதல் வேண்டுமா? அரசாணை வர வேண்டுமா? விளக்கம் கேட்டு மறுபடியும் அந்தக் கண்காணிப்பாளருக்கே அனுப்பப் போகிறீர்களா?

அப்படி அனுப்புவதானால் இதையும் சேர்த்தே அனுப்புங்கள்: அடுத்த முறை என் தம்பியின் கழுத்து முறுக்கினால், 'நடிக்கிறான்' என்பது தெரியாமல் சொன்ன வார்த்தை என்று யாரும் தப்பிக்க முடியாது. தெரிந்தும் பேசாமல் இருந்தவர்களின் பட்டியலில் முதல் பெயர் உங்களுடையது.

இப்படிக்கு,
ஒத்துழைக்காத நோயாளியின் அக்கா