ஓர் ஊர், இரு கோப்புறைகள்

கொழிஞ்சாம்பாறை என்னும் ஊர்ப்பெயர் திரையில் இருமுறை ஒரே வடிவில் தோன்றலாம். கணினிக்கோ அவை இரு வேறு பெயர்களாக இருக்கக்கூடும். 'கொ' என்பதன் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாகப் பிரித்து இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு இல்லை. ஆயினும் லினக்ஸும் விண்டோஸும் இவ்விரு பெயர்களிலும் தனித்தனிக் கோப்புறைகளை அருகருகே வைத்திருக்கும்.

பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் வாழும் தமிழர்களின் வழக்காறுகளைப் பதிவுசெய்யும் ஆய்வாளருக்கு இது சிறு செய்தி அன்று. கைப்பேசி, மடிக்கணினி, பழைய எழுத்துரு மாற்றி எனப் பல வழிகளில் பெயரிடப்பட்ட ஒலிப்பதிவுகள் ஒரே வட்டில் வந்து சேர்கின்றன. ஒரு கோப்புறையை மட்டும் திறந்து எண்ணும் நிரல், உள்ள பதிவை இல்லை என்று சொல்லிவிடும்.

பெயர்களை ஒரே வடிவுக்குச் சீராக்கலாமே எனலாம். பைத்தானில் அதற்கு வசதி உண்டு. ஆனால் இழப்பு நேரக்கூடிய இடமும் அதுவே. சீராக்கியபின் இரு கோப்புகளின் பெயர்கள் ஒன்றாகிவிட்டால், பைத்தானின் பெயர்மாற்றக் கட்டளை லினக்ஸில் முந்தைய கோப்பின்மேல் பிந்தையதைக் கேட்காமலே எழுதிவிடும். விண்டோஸில் அது பிழைகாட்டி நிற்கும். நிரலின் வழியே நேரடியாக அழிக்கப்படும் கோப்பு குப்பைத்தொட்டிக்கும் செல்வதில்லை. முதியவர் ஒருவரின் பாடல் இவ்வாறு மறைந்தால் அதை மீண்டும் பதிவுசெய்ய அவர் இல்லாமலும் போகலாம்.

எல்லைப்புறத்தில் மற்றொரு சிக்கலும் உண்டு. மூணாற்றின் மலையாளப் பெயர் சில்லெழுத்தில் முடிகிறது. சில்லெழுத்துகளுக்குத் தனிக் குறியீடு 2008இல்தான் யூனிகோடில் இடம்பெற்றது. அதற்கு முந்தைய முறையில் எழுதிய பெயரையும் இன்றைய பெயரையும் யூனிகோடின் சீராக்கமும் ஒன்றாக்குவதில்லை.

ஆங்கில எழுத்தில் பெயரிட்டால் தீரும் என்பார் உளர். பீர்மேட்டுக்கே ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துக்கூட்டல்கள் புழங்குகின்றன என்பதை அவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

தக்க வழி எளிது. கோப்புக்கு எண்ணே பெயராகட்டும். ஊர்ப்பெயர் இரு மொழிகளிலும் அட்டவணையில் நிற்கட்டும். விண்டோஸில் வெளிவட்டின் எழுத்து கணினிக்குக் கணினி மாறக்கூடுமாதலால், அதன் முகவரி நிரலில் ஓரிடத்தில் மட்டும் குறிக்கப்படட்டும். எந்த நிரலும் முதலில் தான் செய்யப்போவதைப் பட்டியலிட்டுக் காட்டட்டும். மூலத்தின் படி வேறொரு வட்டில் இருப்பதை உறுதிசெய்த பின்னரே எதையும் மாற்றட்டும்.

மேற்கோள் குறிக்கும் முறையை வாரக்கணக்கில் கற்பிக்கும் ஆய்வுநெறிப் பாடத்தில் இதற்கென இரண்டு வகுப்புகள் ஒதுக்குவது மிகையன்று. மேற்கோளில் நேரும் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். அழிந்த குரலைத் திருத்த இயலாது.