பஹூர் மணக்கட்டும், கருக வேண்டாம்

வளைகுடாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் சார்ஜ் பஹூர் கருவி இன்று நம் வீடுகள் பலவற்றில் உள்ளது. கங்கு இல்லை, ஆகவே ஆபத்தும் இல்லை என்றே நானும் எண்ணியிருந்தேன்.

அதன் பேட்டரி ஓய்ந்தபோது, 9900 எம்ஏஎச் என அச்சிட்ட மலிவான 18650 செல் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். சில நாள்களில் கையில் பிடிக்க இயலாதபடி சூடேறியது. அந்த அளவுள்ள செல் ஏறத்தாழ 3500 வரையே கொள்ளும் எனப் பின்னரே அறிந்தேன். அளவையில் மோசடி என்பது தராசோடு முடிந்துவிட்டதா என்ன?

விலை கூடினாலும், கருவியோடு வந்த அதே வகை, அதே மின்னோட்டத் திறன் உள்ள செல்லையே வாங்குங்கள். மேலுறை கிழிந்ததைப் பயன்படுத்தாதீர்கள். உதிரி செல்லைச் சாவிக்கொத்துடன் ஜிப்பா பையில் போடாதீர்கள். உம்ரா செல்வோர் அதனைத் தனி உறையிலிட்டுக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

கருகுவதற்குக் காரணம் நம் அவசரம். ஊது கட்டை இளஞ்சூட்டில் தன் எண்ணெயை விடும்போதுதான் மணக்கும். எரிந்தால் கசந்த புகைதான். சிறு துண்டே போதும். தட்டில் ஒட்டிய பழைய பிசினைத் துடைக்காவிட்டால் முதலில் கருகுவது அதுவே.

உறங்குமுன் நெருப்பை அணைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். சார்ஜில் கிடக்கும் கருவியையும் நான் அதில் சேர்த்தே பார்க்கிறேன்; எங்கள் வீட்டில் இஷாவுக்குப் பின் அதன் வயர் செருகப்படுவதில்லை.