அடுத்த நிலையத்துக்கு ஒரு சீட்டு

இங்கிலாந்தில் மகளின் வீட்டில் தங்கியிருந்தபோது ஒன்பது வயதுப் பேரன் ஒரு நாள் கேட்டான்: "அம்மப்பா, ஸ்ரீம் காலாவுக்குப் போவமா?" அவனுக்குப் புகையிரதப் பைத்தியம். அது எந்த வழியில் வந்தது என்று வீட்டில் எவரும் ஆராய்வதில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நீராவி இயந்திரத்தின் கரித்தூள் கண்ணில் விழ, கண்ணைக் கசக்கிக்கொண்டே யன்னலை விட்டு விலக மறுத்த கடைசித் தலைமுறை எங்களுடையது. ஆகவே பேரனுக்காகத்தான் அந்த நீராவி விழாவுக்குப் போனேன் என்று எழுதினால் அது முழு உண்மையாகாது.

நாங்கள் சென்ற பாதையின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. நான் சொல்லவிருக்கும் குறை அந்த ஒரு பாதைக்கு மட்டும் உரியதன்று. மேலும், அதனை நடத்துபவர்கள் சம்பளம் வாங்காமல் வார இறுதிகளில் கரியள்ளிப் போடும் நல்ல மனிதர்கள். அவர்களைத் தெருவில் இழுத்துவிடுவது என் நோக்கமன்று.

இத்தகைய மரபுப் புகையிரதப் பாதைகளின் கதை வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கலாம். வேல்ஸில் மூடப்படும் நிலையிலிருந்த தலித்லின் என்ற ஒடுங்கிய பாதையை 1951 இல் எழுத்தாளர் எல்.ரி.சி. றோல்ற்றும் நண்பர்களும் பொறுப்பேற்று ஓட்டிக் காட்டினர். தொண்டர்களால் ஒரு புகையிரதத்தை நடத்த முடியும் என்று நிரூபித்த முதல் முயற்சி அதுவே. 1960 இல் லீட்ஸ் நகரின் மிடில்ரன் பாதையும் சசெக்ஸின் புளூபெல் பாதையும் அந்த வழியைப் பின்பற்றின. 1968 ஓகஸ்ற் மாதத்தில் பிரித்தானியாவின் பிரதான பாதைகளில் நீராவியின் காலம் முடிந்தபோது இயந்திரங்கள் இரும்பு விலைக்குப் போயின. தெற்கு வேல்ஸின் பரி என்ற ஊரில் டாய் வூட்ஹாம் என்ற பழைய இரும்பு வியாபாரியின் முற்றத்தில் துருவேறிக் கிடந்தவற்றுள் 213 இயந்திரங்களை ஆர்வலர்கள் காசு சேர்த்து மீட்டெடுத்தனர். இன்று விழாக்களில் மினுங்கிக்கொண்டு வந்து நிற்கும் இயந்திரங்களிற் பல அந்த முற்றத்தில் மழையில் நனைந்தவைதாம்.

விழா என்றால் என்ன? சாதாரண நாளில் ஓரிரண்டு இயந்திரங்கள் ஓடும் பாதையில் அன்று ஏழெட்டு இயந்திரங்கள் ஓடும். வேறு பாதைகளுக்குச் சொந்தமான 'விருந்தாளி' இயந்திரங்களும் பாரிய பாரவண்டிகளில் ஏற்றப்பட்டு நெடுஞ்சாலை வழியாக வந்து சேரும். இரண்டு இயந்திரங்களை முன்னே பூட்டி இழுப்பதும், சரக்குவண்டி ஓடவிட்டுக் காட்டுவதும் உண்டு. ஆர்வலர்கள் காலையில் ஏறினால் மாலையில்தான் இறங்குவார்கள். எந்த இயந்திரம் எந்த வண்டியை இழுக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, ஒரு நிலையத்தில் இறங்கி எதிரே வரும் வண்டியில் ஏறித் திரும்புவார்கள். என் பேரனும் கொப்பி ஒன்று கொண்டுவந்திருந்தான்.

இத்தகையோருக்கென அமைந்ததே விழாநாட் சீட்டு. 'ரோவர்' என்பார்கள், நாள் முழுவதும் எந்த வண்டியிலும் எத்தனை தடவையும் ஏறலாம். முற்கூட்டியே இணையத்தில் வாங்கினால் சற்று மலிவு. மகள் தன் கைத்தொலைபேசியில் வாங்கித் தந்தாள். கட்டணத்துடன் நன்கொடையும் சேர்க்க விருப்பமா என்று ஒரு கேள்வி வந்தது. வரி செலுத்துபவர் கொடுக்கும் நன்கொடைப் பவுண் ஒவ்வொன்றுக்கும் 25 பென்ஸ் வீதம் அற நிறுவனங்கள் அரசிடமிருந்து மீளப்பெறலாம். அதன் பின் திரையில் கறுப்பும் வெள்ளையுமாய் ஒரு சதுரக் குறியீடு வந்து நின்றது. இதுவா சீட்டு என்று எனக்கு மனம் சுருங்கிவிட்டது.

ஆனால் நிலையத்துக்குப் போனபோது ஓர் இன்ப அதிர்ச்சி காத்திருந்தது. கவுண்டரில் அந்தக் குறியீட்டைக் காட்டினால், பழைய மட்டைச் சீட்டு ஒன்றை எடுத்து, திகதி பொறிக்கும் இரும்புக் கருவியில் 'டக்' என்று செருகித் தருகிறார்கள்! அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு வயது பத்தாகிவிட்டது. ஊரில் நிலைய அதிபரின் சிறு யன்னலுக்கு அப்பால் எத்தனை தடவை அதைக் கேட்டிருப்போம்! இரண்டேகால் அங்குல நீளமுள்ள அந்தத் தடித்த மட்டையை உலகுக்குத் தந்தவர் தோமஸ் எட்மண்ட்சன். தளபாடத் தொழிலில் நொடித்துப்போய், 1830களில் நியூகாசில் - கார்லைல் பாதையில் ஒரு சிறு நிலையத்துக்கு அதிபரானவர். அதுவரை சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எந்த நிலையத்துக்கு எத்தனை சீட்டு விற்றது என்பதற்குச் சரியான கணக்கில்லை. தொடர் இலக்கமிட்ட மட்டைகளை ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாக அடுக்கி வைத்து அவர் அந்தச் சிக்கலைத் தீர்த்தார். அந்த முறை இலங்கைக்கும் வந்தது. பிரித்தானியா 1990 இல் அதைக் கைவிட்ட பின்னரும் நம் நாட்டில் நெடுங்காலம் நிலைத்தது.

என் கையில் கிடைத்த மட்டையைப் புரட்டிப் பார்த்தேன். இலக்கம் இருந்தது, திகதி இருந்தது. ஊரின் பெயர் மட்டும் இல்லை. எங்கிருந்தும் எங்கும் செல்லலாம் என்றல்லவா அதற்குப் பொருள்!

நாங்கள் கவுண்டரை விட்டு நகருமுன் எங்களுக்குப் பின்னால் ஓர் இளந்தாய் வந்து நின்றாள். பக்கத்தில் நான்கைந்து வயதுச் சிறுமி. வேடிக்கை பார்க்க வந்த உள்ளூர்க்காரர்கள் என்பது தெரிந்தது. கையில் கமெராவும் இல்லை, குறிப்பேடும் இல்லை. அடுத்த நிலையம் வரைக்கும் ஒன்றரைச் சீட்டு என்று கேட்டாள். கவுண்டரில் இருந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் போன்ற தோற்றமுடையவர். மிக மரியாதையாக, இன்று நாள் முழுவதற்குமான சீட்டு மட்டுந்தான் என்றார். விலையைச் சொன்னார். வளர்ந்தவர் ஒருவருக்கே முப்பது பவுணுக்கு மேல். அவள் பணப்பையைத் திறக்கவேயில்லை. நன்றி சொல்லிவிட்டு, சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு மேம்பாலத்தின் பக்கம் போனாள்.

பழைய தொழிற்குணம் விடுமா? வரிசை குறைந்ததும் அந்தப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் சொன்ன காரணங்களில் நியாயம் இல்லாமலில்லை. ஒரு நிலையத்துக்குச் சீட்டு விற்றால் நாள் முழுவதும் இறங்காமல் இருந்துவிடுவார்கள். இத்தனை கூட்டத்தில் பரிசோதிக்க ஆளில்லை. விருந்தாளி இயந்திரத்தை ஏற்றியிறக்கும் செலவு பெரிது. தெற்கு வேல்ஸின் கடைசிப் பெரிய திறந்தவெளிச் சுரங்கம் 2023 இல் மூடப்பட்ட பின்னர், நிலக்கரியின் தாயகமாயிருந்த நாட்டில் நிலக்கரியைக் கப்பலில் வருவிக்க வேண்டியிருக்கிறது. கொதிகலனுக்கும் 'சீட்டு' உண்டு என்று சொல்லிச் சிரித்தார். பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கான அத்தாட்சி அது. முடிந்ததும் இயந்திரத்தை முற்றாகக் கழற்றிப் பழுதுபார்க்க வேண்டும். அதற்கான பெருந்தொகையை இத்தகைய விழாக்களில்தான் தேட வேண்டியிருக்கிறது.

இவற்றையெல்லாம் ஏற்றுக்கொள்கிறேன். ரோவர் சீட்டின் விலை அதிகம் என்பதும் என் வாதமன்று. நாள் முழுவதும் ஆடித் தீர்க்கும் ஆர்வலருக்கு அது மலிவு. என் பேரன் ஏழு வண்டிகளில் ஏறினான். அடுத்த நிலையம் வரை போக விரும்பும் ஒருவருக்கு விற்பதற்கு அந்த நிலையத்தில் எதுவுமே இல்லை என்பதுதான் என் முறைப்பாடு. கறுப்புக் கோட்டும் சங்கிலிக் கடிகாரமும் அணிந்த காட், மேடையில் அடுக்கிய தோற்பெட்டிகள், யுத்தகால விளம்பரத் தகடுகள், காத்திருப்போர் அறையின் கணப்பு அனைத்தையும் அவர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். சிறு காசுடன் வரும் எவரும் யன்னலில் கையை நீட்டி அடுத்த ஊருக்குச் சீட்டு வாங்கலாம் என்ற ஏற்பாடு மட்டும் விழாநாளில் மறைந்துவிடுகிறது. புகையிரதம் என்று உலகம் கொண்டாடிய பொருள் அந்த ஏற்பாடுதானே?

அந்த ஏற்பாடும் சும்மா வந்ததன்று. தொடக்க காலத்தில் கம்பனிகள் ஏழைப் பயணிகளைச் சரக்கோடு சரக்காகத் திறந்த பெட்டிகளில் ஏற்றின. சில ஏற்றவே விரும்பவில்லை. 1844 இல் கிளாட்ஸ்ரன் வர்த்தக அமைச்சராயிருந்தபோது வந்த சட்டம், நாளொன்றுக்கு ஒரு வண்டியேனும் எல்லா நிலையங்களிலும் நின்று, மைலுக்கு ஒரு பென்னிக்கு மேற்படாத கட்டணத்தில், மழை படாத பெட்டியில் மூன்றாம் வகுப்பினரை ஏற்றிச் செல்ல வேண்டும் எனக் கட்டாயப்படுத்தியது. 'பாராளுமன்ற வண்டி' என்று மக்கள் அதை அழைத்தார்கள். மரபைக் காப்பவர்கள் இந்த மரபையும் அறிவார்கள். ஆனால் அவர்களுடைய நினைவில் அழுத்தமாய் நிற்பது வேறொரு வண்டி. 1968 ஓகஸ்ற் 11 ஆம் திகதி லிவர்பூலிலிருந்து கார்லைல் சென்று திரும்பிய கடைசி நீராவி வண்டி. அதன் சீட்டு விலை 15 கினி. அன்று சாதாரண மனிதருக்கு அது மலைப்பான தொகை. அந்த விலையே வண்டியின் பெயராகவும் நிலைத்துவிட்டது.

வழி இல்லாமலா போய்விட்டது? உள்ளூர்வாசிகளுக்குக் கட்டணச் சலுகை அளிக்கும் மரபுப் பாதைகள் உண்டு. சாதாரண நாட்களில் ஒருவழிச் சீட்டு விற்கும் பாதைகளும் உண்டு. விழாநாளில் கடைசிப் பெட்டி ஒன்றை ஒதுக்கி, அதற்கு வேறு நிறத்தில் மட்டைச் சீட்டு அடித்து, கவுண்டரில் மட்டும் விற்றால் என்ன? பெட்டி வாசலில் ஒரு தொண்டர் நின்றாற் போதும். ஒரு நிலையத்துச் சீட்டில் ஊர் சுற்றுபவரைப் பிடிக்க முடியாதென்று அந்தப் பெரியவர் அஞ்சினார். எங்கள் ஊர் ரிக்கற் செக்கர் ஒருவரை ஒரு நாள் இரவல் கொடுத்தால் அந்த அச்சம் தீர்ந்துவிடும் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

நம் நாட்டின் நிலைமை மேலானது என்று பெருமை பேச வரவில்லை. எல்லவுக்குப் போகும் வண்டிகளின் ஆசனப் பதிவுச் சீட்டுகள் இணையத்தில் மறைந்து வெளியே பன்மடங்கு விலைக்கு விற்கப்பட்ட விவகாரம் 2025 இல் கைதுகள் வரை சென்றது. எனினும் அந்தப் பாதையில் பதிவில்லாத மூன்றாம் வகுப்புச் சீட்டைக் கவுண்டரில் வாங்கி, தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவர் அடுத்த நிலையத்தில் இறங்கிக்கொள்ளலாம். வடக்கில் 1990 இல் வண்டி நின்று, தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்கு குழிகளுக்குப் போன பின்னர், 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. இருபத்துநான்கு ஆண்டுகள் வெறும் மண்மேடாய்க் கிடந்த பாதையைப் பார்த்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு, யன்னலில் சீட்டு வாங்குவதே ஒரு புதினமாயிருந்தது. மேம்பாலத்துக்குப் போன அந்தத் தாய் இத்தனை தூரம் என்னைத் தொந்தரவு செய்ததற்கு அதுவும் ஒரு காரணமாயிருக்கலாம்.

எங்கள் வண்டி புறப்பட்டபோது அவர்கள் அங்கேயே நின்றிருந்தார்கள். இயந்திரம் பாலத்தின் கீழே நுழைந்தபோது வெண்புகை இருவரையும் மூடியது. புகை கலைந்ததும் சிறுமி துள்ளிக் குதிப்பது தெரிந்தது. பேரன் கையசைத்தான். "ஏன் அவை ஏறேல்ல?" என்று என்னிடம் கேட்டான். நான் விளக்கினேன். "அப்ப என்ர ரிக்கற்றைக் குடுத்திருக்கலாமே, ஒரு ஸ்ரேசனுக்கு மட்டும்" என்றான். சீட்டைக் கைமாற்றக் கூடாது என்று அதன் பின்புறத்தில் அச்சிட்டிருந்ததை அவனுக்குக் காட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பாதையின் நிருவாகக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். கடைசிப் பெட்டி யோசனையை விரிவாகவே எழுதியிருக்கிறேன். கடிதம் கிடைத்ததென்றும், அடுத்த கூட்டத்தில் முன்வைப்பதாகவும் ஒரு தொண்டரிடமிருந்து இரண்டு வரிப் பதில் வந்திருக்கிறது. வசந்தகால விழாவுக்கான சீட்டு விபரத்தை அதன் பின்னரே வெளியிடுவார்களாம். வெளியானதும் இங்கே எழுதுகிறேன்.