திட்டமிடாதவருக்கு இரட்டைக் கட்டணம்

காலையில் வந்து இரவுக்குள் திரும்பிவிடும் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கும் வழக்கத்தை வெனிஸ் நகராட்சி 2024 ஏப்ரல் 25 அன்று தொடங்கியது. முதல் ஆண்டில் 29 நாட்களுக்கு மட்டும், ஆளுக்கு 5 யூரோ. 2025-இல் அது 54 நாட்களாக நீண்டது. கூடவே புதிய விதி ஒன்றும் வந்தது. நான்கு நாட்களுக்கு முன்பே இணையத்தில் பதிவு செய்பவருக்கு 5 யூரோ, கடைசி நேரத்தில் முடிவெடுப்பவருக்கு 10 யூரோ. ஐரோப்பியச் செலவுக் கணக்கில் இது பெரிய தொகை இல்லை. ஆனால் இந்த விதி சத்தமில்லாமல் ஒரு தீர்ப்பைச் சொல்கிறது: முன்கூட்டியே திட்டமிட்டு வருபவர் நல்ல விருந்தாளி, நினைத்த மாத்திரத்தில் ரயிலேறி வருபவர் தொல்லை. வெனிஸின் கூட்டத்தை உற்றுப் பார்த்தால் இந்தத் தீர்ப்பு தலைகீழானது என்று தோன்றுகிறது. அங்கே நெரிசலை உண்டாக்குவது திட்டம்தான். எல்லோர் கையிலும் இருக்கும் அதே திட்டம்.

சான்டா லூசியா ரயில் நிலையத்தில் இறங்குகிறவர் 1591-இல் கட்டி முடிக்கப்பட்ட ரியால்டோ பாலத்தைப் பார்க்க வேண்டும், அங்கிருந்து சான் மார்கோ சதுக்கத்துக்குப் போக வேண்டும், படம் எடுத்துக்கொண்டு மாலை ரயிலைப் பிடிக்க வேண்டும். சுவர்களில் மாட்டியிருக்கும் மஞ்சள் பலகைகளும் திருப்பத்துக்குத் திருப்பம் பெரும்பாலும் இந்த இரண்டு பெயர்களைத்தான் சொல்கின்றன. 2018 மே தின விடுமுறையில் நெரிசல் எல்லை மீறியபோது, பயணிகளை வேறு பாதைகளில் திருப்பிவிட நகராட்சி தற்காலிகத் தடுப்புக் கதவுகளையே வைக்க வேண்டியிருந்தது. அந்தப் பாதையை விட்டு விலகிய இடங்கள் வெறும் இடங்களா என்றால், இல்லை. 1807 வரை வெனிஸின் தலைமைப் பேராலயமாக இருந்தது சான் மார்கோ தேவாலயம் அல்ல. நகரின் கிழக்கு ஓரத்தில், காஸ்தெல்லோ பகுதியில் இருக்கும் சான் பியெத்ரோ தேவாலயம். வடக்கே கன்னாரெஜோவில், 1516-இல் யூதர்களைத் தனியே ஒதுக்கிவைத்த குடியிருப்பு இருக்கிறது. பக்கவாட்டில் விரிய வழியில்லாததால் அங்கே வீடுகள் மாடி மேல் மாடியாக எழுந்து நிற்கின்றன. அதற்குச் சற்று அப்பால் உள்ள தேவாலயத்தில் ஓவியர் டின்டொரெட்டோவின் கல்லறை, அவர் தீட்டிய பெரும் ஓவியங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. அரைநாள் பயணத்திட்டங்களில் இவற்றுக்கு இடமில்லை. கால் போன போக்கில் நடப்பவர் எதிர்பாராமல் இவற்றில் ஒன்றின் முன்னால் போய் நிற்கக்கூடும்.

அப்படி நடப்பதற்கு வெனிஸைவிடத் தோதான நகரம் ஐரோப்பாவில் அரிது. கார் இல்லை, ஸ்கூட்டர் இல்லை. நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் இருக்கின்றன. வீட்டு எண்கள் தெருவாரியாக இல்லாமல் பகுதிவாரியாக ஆயிரக்கணக்கில் ஓடுவதால், முகவரியைக் கையில் வைத்துக்கொண்டும் வீடு கிடைக்காமல் போகலாம். வழி தவறினாலும் தீவுக்குள்தான் இருப்போம். எந்தப் பக்கம் நடந்தாலும் கடைசியில் தண்ணீர் வந்து நிறுத்திவிடும். தனியாகப் போகிறவர், முக்கியமாகப் பெண்கள், திட்டமில்லாமல் அலைவது ஆபத்து என்ற அச்சம் பல நகரங்களில் நியாயமானது. வெனிஸில் அந்த அச்சத்துக்குக் காரணம் குறைவு. பையைப் பிக்பாக்கெட்காரர்களிடமிருந்து காத்துக்கொண்டால் பெரும்பாலும் போதும்.

கனமான ஆட்சேபம் வேறொன்று. சுற்றுலாப் பாதையை விட்டு விலகும் ஒவ்வொருவரும் அங்கே வாழ்பவரின் வாசலுக்குத்தானே வருகிறார், மிச்சமிருக்கும் அமைதியையும் கெடுப்பதற்குப் பெயர் பரவலாக்கமா என்று ஒரு வெனிஸ்வாசி கேட்டால் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. 1951-இல் பழைய நகரத்தில் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள்; 2022-இல் அந்த எண்ணிக்கை 50,000-க்கும் கீழே போய்விட்டது. ரியால்டோ அருகே ஒரு மருந்துக்கடையின் கண்ணாடிக்குப் பின்னால், எஞ்சியிருக்கும் மக்கள்தொகையைக் காட்டும் மின்பலகை 2008 முதல் இருக்கிறது. ஆனால் இவர்கள் வெளியேறியதற்குத் தெருவில் தனியாக நடந்துபோன ஒருவர் காரணமில்லை. வாடகைக்குக் கிடைத்த வீடுகள் பயணிகளுக்கான அறைகளாக மாறியது அண்மைக் காலத்தில் ஒரு முக்கியமான காரணம். அந்த அறைகளில் தங்குகிறவர், தங்கும் வரி கட்டுகிறார் என்பதற்காக, இந்த நுழைவுக் கட்டணத்திலிருந்து விலக்குப் பெறுகிறார்! இரைச்சலுக்கான பதிலை நகராட்சியே வேறு இடத்தில் சொல்லியிருக்கிறது. 2024-இல் அது வழிகாட்டியோடு வரும் குழுக்களுக்கு 25 பேர் என வரம்பு வைத்தது, ஒலிபெருக்கிக்குத் தடை போட்டது. தொல்லை கூட்டமாக வருவதில்தான் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

முன்பதிவு கட்டாயமானால்தான் எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியும். குப்பை அள்ளவும் படகு விடவும் அந்தக் கணக்கு வேண்டும் என்பது நகராட்சியின் தரப்பு. கணக்கு எடுக்கட்டும். 2024-இல் சுமார் 24 லட்சம் யூரோ வசூலானது. நகரத்தைப் பராமரிக்கும் செலவில் வருகிறவர்களும் பங்கேற்பது நியாயமே. ஆனால் கூட்டம் குறையவில்லை என்று நகர்மன்ற எதிர்க்கட்சியினர் அப்போதே குற்றம்சாட்டினார்கள், அதில் வியப்பும் இல்லை. முன்பதிவு செய்தவரும் அதே இரண்டு இடங்களுக்குத்தானே போகிறார்? உல்லாசக் கப்பலில் வருகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். பல மாதங்களுக்கு முன்பே சீட்டு வாங்கி, எந்தத் துறைமுகத்தில் எத்தனை மணி நேரம் என்பதுவரை தெரிந்து வருபவர் அவர். அவரைவிடக் கச்சிதமாகத் திட்டமிட்ட பயணி கிடையாது. அந்தக் கப்பல்களின் பருமனும் அலையும் தாங்காமல்தான், 2021 ஆகஸ்டிலிருந்து பெரிய கப்பல்கள் சான் மார்கோவுக்கு முன்னால் போகத் தடை விதிக்கப்பட்டது. ஆனால் கட்டண அட்டவணைப்படி பார்த்தால் அவருக்கு 5 யூரோ. பொலோன்யாவில் தங்கியிருந்து, காலையில் வெயிலைப் பார்த்துவிட்டு ரயிலேறிய தனிப் பயணிக்கு 10 யூரோ. பதிவு செய்த நாளை அளவுகோலாக வைத்ததன் விளைவு இது. எத்தனை பேர் சேர்ந்து வருகிறார்கள், நெரிசல் நேரத்தில் எங்கே நிற்கிறார்கள் என்பவை அல்லவா அளவுகோலாக இருக்க வேண்டும்?

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு இதில் இன்னொரு முடிச்சு உண்டு. ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, தங்குமிடச் சான்று எல்லாம் காட்டியாக வேண்டும். நினைத்தவுடன் கிளம்பும் சுதந்திரம் நமக்கு முதலிலேயே கிடையாது. இத்தனை செலவு செய்துவிட்டு அங்கே போய்ச் சும்மா சுற்றுவதா என்ற கேள்வி வீட்டில் எழுவதும் இயல்பு. அந்தக் கேள்விதான் நம்மையும் பத்து நாளில் ஏழு நாடு காட்டும் பேருந்தில் ஏற்றிவிடுகிறது. வெனிஸ் நகராட்சி அந்தக் கூடுதல் 5 யூரோவை நீக்குவதே முறை. நீக்காவிட்டாலும், கட்டணம் காலை 8.30 முதல் மாலை 4 வரைதான். அதற்குப் பிறகு வந்தால் காசில்லை, பகல் பயணிகளும் கிளம்பத் தொடங்கியிருப்பார்கள். பயணத்திட்டம் போடும்போது வெனிஸுக்கான அந்த ஒரு நாளுக்கு நேராக ஊரின் பெயரை மட்டும் எழுதுங்கள். மணிக்கணக்கை யாரும் கேட்கவில்லை.