கனடாவின் ஆதிக்குடி மாணவரும் உயர்கல்வியும்

பாடசாலைக் கல்வியை முடித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவனுக்கு வேண்டுவன யாவை? பணமும் இடமும் கிடைத்தாற் போதும் என்பாருளர். அக்கூற்று முழு உண்மையன்று என்பதைக் கனடா தேசத்து ஆதிக்குடிகளின் வரலாறு காட்டுகின்றது. எம் பழைய மாணவர் பலர் அந்நாட்டிற் குடியேறி வாழ்தலின், அம்மண்ணின் முதல் மக்களைப் பற்றி நாம் அறிதல் பொருத்தமேயாம்.

ஆதிக்குடியினர் ஒருவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றால், தம் குடிக்குரிய சட்டநிலையை இழப்பார் என 1876ஆம் ஆண்டின் 'இந்தியர் சட்டம்' விதித்தது. அவ்விதி பின்னர்த் தளர்த்தப்பட்டது. எனினும், கற்க வேண்டுமாயின் தன் மக்களைத் துறத்தல் வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. வதிவிடப் பாடசாலைகளோ ஒன்றரை இலட்சம் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தன. தாய்மொழி பேசியோரைத் தண்டித்தன. அவற்றுள் இறுதியானவை மூடப்பட்டது 1990களின் பிற்பகுதியிலேயே. பாட்டனாருக்குப் பாடசாலை என்பது பிரிவும் அடியுமாக இருந்த வீட்டிலிருந்து, பேரன் தொலைநகரக் கல்லூரிக்குத் தனியே புறப்படுகின்றான். அவன் இடையில் விலகினால் 'ஊக்கமில்லாதவன்' எனப் பழித்தல் நீதியாகுமா?

இதனை உணர்ந்தோர் சிலர் வழி கண்டுள்ளனர். ஹலிபாக்ஸ் நகரின் டல்ஹௌசிப் பல்கலைக்கழகம், மிக்மாக் குடியினருக்கும் கறுப்பின மாணவருக்குமாக ஓராண்டு ஆயத்த வகுப்பை 1970இல் ஆரம்பித்தது. 1976இல் ரெஜைனா நகரில் ஆதிக்குடியினரே நடத்தும் கல்லூரி தோன்றியது. அது இன்று கனடா முதற்குடிகள் பல்கலைக்கழகமாகத் திகழ்கின்றது. பிரித்தானிய கொலம்பியாப் பல்கலைக்கழக வளாகத்தில் 1993இல் மரபுவழி நெடுமனையொன்று திறக்கப்பட்டது. தொலைவூர் மாணவர்க்கு அது மற்றொரு வீடு.

இத்தகைய உதவி கல்வியின் தரத்தைத் தாழ்த்தும் என்பர் சிலர். ஆயத்த ஆண்டு பரீட்சையை எளிதாக்குவதில்லை. உயர்ந்த வாயிலுக்குப் படி கட்டுகின்றது. படி கட்டுதல் சலுகையன்று. படியை முன்பு இடித்தோரின் கடன். பணமும் வேண்டற்பாலதே. இடம் கிடைத்தும் பணமின்றிக் காத்திருக்கும் முதற்குடி மாணவரின் நிலையை நீக்கப் போதிய நிதி வழங்குமாறு 2015இல் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு அரசாங்கத்தைக் கேட்டது. ஆயினும், தன் மொழிக்கும் மூத்தோருக்கும் இடமில்லாத கல்லூரியில் உதவிச்சம்பளம் மட்டும் மாணவனை நிலைநிறுத்தாது.

தாய்மொழி கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில் இதனைக் கூறத் துணிகின்றேன். வீட்டை மறந்து வா என அழைக்கும் கலைக்கூடம் பாதி மாணவனையே அழைக்கின்றது. கனடாவில் வாழும் அன்பர்காள்! உங்கள் மக்கள் கற்கும் மண்டபத்தில் அம்மண்ணின் பிள்ளைக்கும் உரிய ஆசனம் உண்டா என நோக்குங்கள். இல்லையெனின், அதற்காகக் குரல் கொடுங்கள்.