தீவில் மனை தேடும் என் பிள்ளைகளுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். படித்துவிட்டுக் கோபம் வந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் ரயில் பாலம் திறந்ததிலிருந்து நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரே மாதிரி விளம்பரங்கள் சுற்றுகின்றன. ராமேஸ்வரம் தீவில் கடல் பார்த்த மனையாம். புண்ணியத்துக்குப் புண்ணியமாம், முதலீட்டுக்கு முதலீடாம். துபாயில் இருக்கும் பிள்ளைகள் இரண்டு பேரும், பட்டு வியாபாரம் செய்யும் உறவினர் ஒருவரும் "டீச்சர், போடலாமா?" என்று கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். போடாதீர்கள்.

வெறுமனே வேண்டாம் என்றால் கேட்க மாட்டீர்கள். வகுப்பிலேயே கேட்டதில்லை. அதனால் காரணத்தோடு சொல்கிறேன்.

முதல் காரணம், அந்த மண்ணின் சரித்திரம். பாலம் வந்துவிட்டது, இனி விலை ஏறும் என்பதுதான் தரகரின் முதல் வாதம். தீவுக்குப் பாலம் வருவது இது முதல் தடவையா? முதல் ரயில் பாலம் 1914 இல் திறந்தது. ரயில் தனுஷ்கோடி வரை போனது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். ரயில் நிலையம், தபால் நிலையம், சுங்க அலுவலகம் எல்லாம் இருந்த ஊர் அது. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் ஒரே இரவில் அதை முடித்துவிட்டது. பாம்பனிலிருந்து புறப்பட்ட ரயிலில் இருந்த 100 பேருக்கு மேல் கடலோடு போனார்கள். அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். உடைந்த பாலத்தை ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள். ஆனால் தனுஷ்கோடிக்குத் தண்டவாளத்தைத் திரும்பப் போடவில்லை. அந்த ஊரே வாழத் தகுதியற்றது என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. அந்தப் பாதைக்கு 2019 இல் மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். இன்றுவரை ரயில் ஓடவில்லை. ஆனால் "ரயில் வரப்போகிறது" என்று சொல்லி மனை விற்கிறவர்கள் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள்.

பழைய ரயில் பாலம் பழுதானதால் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். புதுப் பாலம் திறக்கும் வரை இரண்டு வருடத்துக்கு மேல் தீவுக்குள் ரயிலே வரவில்லை. 1988 இல் திறந்த சாலைப் பாலம் ஒன்றுதான் அந்தக் காலத்தில் எல்லாச் சுமையையும் தாங்கியது. தீவு வாழ்க்கை என்றால் இதுதான். அரிசியும் ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியும் ஒரு பாலத்தை நம்பி இருக்கும்.

"அது தனுஷ்கோடி, நாங்கள் பார்ப்பது தங்கச்சிமடம் பக்கம்" என்பீர்கள். சரி, தண்ணீரைப் பற்றிப் பேசுவோம். இது இரண்டாவது காரணம். மணல் தீவில் நிலத்தடி நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது? உப்புத் தண்ணீரின் மேலே மிதக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, கடல் தண்ணீர் எடை கூடுதல். கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. இதையே திருப்பிப் போடுங்கள். மோட்டார் வைத்து மேலே 1 மீட்டர் இறக்கினால், கீழிருந்து உப்பு 40 மீட்டர் ஏறிவிடும். நூறு மனைக்கு நூறு ஆழ்துளைக் கிணறு போட்டால் என்ன ஆகும் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும். நம் காஞ்சியில் பாலாறு வறண்டாலும் ஒரு மழையில் ஊற்று திரும்பிவிடுகிறது. உப்பு ஏறிய கிணறு அவ்வளவு சுலபமாகத் திரும்பாது.

மழை கதையும் அப்படித்தான். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. தெருவெல்லாம் வெள்ளம். விளம்பரப் படத்தில் அந்த நாள் இருக்காது.

மூன்றாவது காரணம் சட்டம். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி 1991 இல் வந்தது. 2011 இலும் 2019 இலும் புதிதாக எழுதப்பட்டது. உயர் அலைக் கோட்டிலிருந்து நிலத்துப் பக்கம் 500 மீட்டர் வரை இந்த விதிக்குள் வரும். மக்கள் அடர்த்தி குறைந்த கிராமக் கடற்கரையில் முதல் 200 மீட்டர் புதுக் கட்டடம் கூடாத பகுதி என்பது பொதுவிதி. மணல் மேடு, சதுப்புநிலக் காடு, ஆமை முட்டையிடும் கரை எல்லாம் இன்னும் கடுமையான பாதுகாப்பில் இருக்கின்றன. "கடல் பார்த்த மனை" என்று எதைப் பெருமையாகச் சொல்கிறார்களோ, அதுதான் மனையின் முதல் வில்லங்கம்.

பத்திரம் பதிவாகிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் கொச்சி அருகே மரடில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள். உள்ளாட்சி அனுமதி இருந்தது, பதிவு இருந்தது, மின் இணைப்பு இருந்தது. கடலோர விதியை மீறியவை என்று 2019 இல் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அங்கே வீடு வாங்கியவர்கள் படிக்காதவர்களா? நன்றாகப் படித்தவர்கள்தான். பத்திரத்தைப் படித்தார்கள், வரைபடத்தைப் பார்க்கவில்லை.

நம் ஊர் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு புடவை எடுக்கும்போது ஜரிகையை உரசிப் பார்க்கிறோம். உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிகிறதா என்று சோதிக்கிறோம். ஒரு புடவைக்கே இப்படி. 15 லட்சத்துக்கு ஒரு மனையைக் கைபேசியில் பார்த்து முன்பணம் அனுப்புகிறவர்களை என்னவென்று சொல்வது? அதுவும் வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு, தெரியாதவர் பெயருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்து! அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டதும், வரன்முறைப்படுத்த நம் ஆட்கள் எத்தனை பேர் அலைந்தார்கள்? அதற்குள் மறந்துவிட்டதா?

இப்போது கணக்கு. 15 லட்சத்தை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டால் வருடம் 1,05,000 ரூபாய். ராமேஸ்வரத்தில் ஒரு நாள் அறை வாடகை 2,500 என்று வைத்தாலும் 42 நாள் தங்கலாம். உங்களில் யார் வருடம் 42 நாள் அங்கே போய்த் தங்கப் போகிறீர்கள்? அசல் அப்படியே இருக்கும். வேலி போட வேண்டாம், காவலுக்கு ஆள் வேண்டாம், ஆக்கிரமிப்புப் பயம் வேண்டாம்.

இது வரை சொன்னது உங்கள் பணத்தைப் பற்றி. எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் வேறு.

2011 கணக்குப்படி ராமேஸ்வரம் நகராட்சியில் மட்டும் சுமார் 45 ஆயிரம் பேர். வருடத்தில் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது. போகும் நாளில் இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போகும் பயம். பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைக்கிறார்கள். தனுஷ்கோடியில் ஓலைக் குடிசையில் இருக்கும் மீனவக் குடும்பங்கள் பட்டா கேட்டுக் கேட்டே தலைமுறைகள் போய்விட்டன. வாழத் தகுதியில்லை என்று அவர்களுக்குச் சொன்ன அதே தீவில், நமக்குக் கடல் பார்த்த மனையா?

"நிலம் விற்றால் அவர்களுக்கும் காசுதானே டீச்சர்" என்று ஒரு மாணவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் விற்பவருக்குக் காசு ஒரு தடவைதான் வரும். வாங்கியவர் சுற்றுச்சுவர் எழுப்புவார். கருவாடு காயப்போட்ட இடம் போய்விடும். வலை பின்னிய நிழல் போய்விடும். கரைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை அடைபடும். அந்த ஊர்ப் பையன் கல்யாணம் ஆனதும் வீடு கட்ட இடம் தேடினால், விலை அவன் கைக்கு எட்டாது. நாம் வருடம் ஒரு தடவை போய்ப் பூட்டைத் திறந்து பார்ப்பதற்காக அவன் தீவை விட்டு வெளியேற வேண்டுமா?

லட்சத்தீவுக்குள் வெளியூர்க்காரர் நுழையவே அனுமதிச் சீட்டு வேண்டும். ஆயிரக்கணக்கான தீவுகள் உள்ள இந்தோனேசியாவில் 1960 நிலச் சட்டப்படி வெளிநாட்டவர் நிலத்தின் முழு உரிமையைப் பெற முடியாது. தீவில் நிலம் கொஞ்சம்தான் என்பது அந்தச் சட்டங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ராமேஸ்வரத்தில் நம்மைத் தடுக்கச் சட்டம் இல்லை. நாமே நம்மைத் தடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அங்கேயே பிழைப்பு உள்ளவர்கள், வேலை மாற்றலாகிப் போகிறவர்கள் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் கரையை விட்டு உள்ளே தள்ளிப் பார்க்கட்டும். 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேடு, புலப்படம், டிடிசிபி அங்கீகாரம், ரெரா பதிவு எண் எல்லாவற்றையும் கேட்கட்டும். கடலோர மண்டல மேலாண்மை வரைபடத்தில் அந்தச் சர்வே எண் எங்கே விழுகிறது என்று பார்க்கட்டும். கோடையில் ஒரு வாரம் அங்கே தங்கி, கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்க்கட்டும்.

மற்றவர்கள் தாராளமாக ராமேஸ்வரம் போங்கள். 22 தீர்த்தத்திலும் நீராடுங்கள். அந்த ஊர்க்காரர் கடையில் சாப்பிடுங்கள், அந்த ஊர் ஆட்டோவில் ஏறுங்கள், பேரம் பேசாமல் மீன் வாங்குங்கள். அந்தக் காசு தீவிலேயே தங்கும்.

முன்பணம் கொடுத்துவிட்டவர்கள் வெட்கப்படாமல் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். ஆவணங்களை எடுத்துக்கொண்டு வந்தால் உட்கார்ந்து சேர்ந்து படிப்போம். இன்னும் கொடுக்காதவர்கள் இந்தப் பதிவை அந்த விளம்பரம் வந்த குழுவிலேயே போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
காஞ்சிபுரம்.